முதல் கலீஃபாக்களின் ஆட்சி விரிந்தது எப்படி? (கி.பி. 632–750): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நபிகள் நாயகம் மறைந்து நூறு ஆண்டு முடிவதற்குள் ஸ்பெயின் முதல் சிந்து வரை ஒரே ஆட்சி பரவியது. இதைப் பற்றித் தமிழில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை போர்க்களத்தோடு நின்றுவிடுகின்றன. ஊர் விழுந்த மறுநாள் வரியை யார் வசூலித்தார், சிப்பாய்க்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. இந்த ஆட்சி நிலைத்ததற்கும் பின்னால் உடைந்ததற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. அதனால் கீழே அந்தப் பகுதிக்கு இடம் அதிகம்.

கலீஃபா என்பது மன்னர் பட்டமா?

தொடக்கத்தில் இல்லை. 'கலீஃபா' என்ற அரபுச் சொல்லுக்குப் பின்வருபவர், ஒருவரின் இடத்தில் நிற்பவர் என்று பொருள். 632 ஜூன் 8 அன்று மதீனாவில் நபிகள் நாயகம் மறைந்தார். அன்றே பனூ சாயிதா குலத்தாரின் பந்தலில் மதீனாவின் அன்சாரிகளும் (நபிகளுக்கு ஆதரவளித்த உள்ளூர் முஸ்லிம்கள்) மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்கள் சிலரும் கூடிப் பேசினார்கள். முடிவில் அபூபக்ரிடம் கைகொடுத்து விசுவாச உறுதி (பைஅத்) செய்தார்கள். நபித்துவம் யாருக்கும் கைமாறவில்லை, சமூகத்தின் தலைமைதான் கைமாறியது. நபிகளே தம் மருமகன் அலியைத் தமக்குப் பின் நியமித்திருந்தார் என்பது ஷியாக்களின் உறுதியான நிலைப்பாடு. ஆகவே இந்த முதல் நாளே இரு தரப்பும் வேறுவேறாக வாசிக்கும் நாள்.

அபூபக்ர் (632–634), உமர் (634–644), உஸ்மான் (644–656), அலி (656–661) ஆகிய நால்வரில் யாருக்குப் பின்னும் மகன் பதவியில் நிலைத்ததில்லை. 661இல் முஆவியா டமாஸ்கஸைத் தலைநகராக்கிக் கலீஃபா ஆனார். பிறகு தம் மகன் யஸீதுக்கு முன்கூட்டியே பைஅத் வாங்கினார். பரம்பரை ஆட்சி அங்கிருந்து தொடங்குகிறது. அவர் தொடங்கிய உமய்யா ஆட்சி 750 வரை நீடித்தது.

வெளிநாட்டுப் போர் எப்போது தொடங்கியது?

முதலில் நடந்தது அரேபியாவுக்குள் நடந்த போர். நபிகள் மறைந்ததும் பல குலங்கள் ஸகாத் என்ற கட்டாயத் தர்ம வரியைச் செலுத்த மறுத்தன. நடு அரேபியாவின் யமாமாவில் முஸைலிமா போன்றோர் தம்மையே நபி என்றனர். அபூபக்ர் விட்டுக்கொடுக்கவில்லை. 632–633இல் நடந்த இந்த ரித்தா (விலகல்) போர்கள் முடிந்தபோது தீபகற்பம் முழுவதும் முதன்முறையாக ஒரே தலைமையின் கீழ் இருந்தது. குலங்கள் ஒன்றையொன்று கொள்ளையடித்து வாழ்ந்த பழைய வழி இனி அடைபட்டது. போர்ப் பழக்கமுள்ள ஆட்கள் கையில் இருந்தார்கள், வடக்கே எல்லை திறந்திருந்தது. 633இல் தளபதி காலித் பின் வலீத் இராக்கின் ஓரத்துக்கு வந்தார். 634இல் சிரியாவுக்குப் பல படைப்பிரிவுகள் புறப்பட்டன.

இரண்டு பேரரசுகள் இவ்வளவு வேகமாகச் சரிந்தது ஏன்?

பாரசீகமும் பைசாந்தியமும் (கிழக்கு ரோமானியப் பேரரசு) 602 முதல் 628 வரை ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. பாரசீகர் 614இல் ஜெருசலேமைப் பிடித்தார்கள், 619இல் எகிப்தையும் பிடித்தார்கள். பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் திருப்பி அடித்து 627 டிசம்பரில் நினிவே அருகே வென்றார். அடுத்த ஆண்டு பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரோ சொந்த மகனின் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். பின்வந்த நான்கு ஆண்டுகளில் அந்த அரியணையில் அடுத்தடுத்துப் பலர் ஏறி இறங்கினார்கள். 632இல் சிறுவனாக இருந்த மூன்றாம் யஸ்தகிர்துக்கு முடிசூட்டியபோது கஜானாவும் படைத்தலைமையும் சிதறிக் கிடந்தன. 541இல் தொடங்கித் திரும்பத் திரும்ப வந்த கொள்ளைநோயும் நகரங்களை மெலிய வைத்திருந்தது.

இன்னொரு தவறும் உண்டு. பாலைவன எல்லையைக் காவல் காத்த லக்மித் என்ற அரபு அரச குலத்தை 602 வாக்கில் குஸ்ரோவே ஒழித்துவிட்டார். காவல்காரனை வெளியேற்றிய வீடாயிற்று பாரசீகத்தின் தென்மேற்கு எல்லை. பைசாந்தியத்துக்கோ வேறு சிக்கல். கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கோட்பாட்டுச் சண்டையில் சிரிய, எகிப்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினரைத் தலைநகர் பகைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் அரபுப் படையை வரவேற்றார்கள் என்று பொதுவாகச் சொல்வது மிகை. ஆனால் பேரரசருக்காக உயிரைக் கொடுக்கவும் அவர்கள் பெரிதாக முன்வரவில்லை.

அரபுப் படை எப்படி நகர்ந்தது? என்ன ஆயுதம்?

வாளும் ஈட்டியும் வில்லும்தான். ஆயுதத்தில் எதிரியை மிஞ்சிய எதுவும் அவர்களிடம் இல்லை. வேறுபாடு போக்குவரத்தில் இருந்தது. வீரர்கள் ஒட்டகத்தில் பயணம் செய்தார்கள், குதிரைகளைச் சுமையின்றி நடத்திச் சென்று போர்க்களத்தில் மட்டும் ஏறினார்கள். குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும், ஒட்டகமோ பல நாள் தாங்கும். பேரரசுப் படைகள் சாலையையும் தானியக் கிடங்கையும் நம்பி நகர்ந்தபோது, இவர்கள் பாலைவனத்தையே பாதுகாப்பான பின்புறமாக வைத்துக்கொண்டார்கள். தோற்றால் பாலைக்குள் மறையலாம், எதிரி துரத்தி வர முடியாது.

634இல் காலித் இராக்கிலிருந்து சிரியாவுக்கு நீரற்ற பாதையில் ஐந்து நாள் கடந்த செய்தி புகழ்பெற்றது. ஒட்டகங்களை முதலில் தாகத்தில் விட்டு, பிறகு வயிறு நிறையத் தண்ணீர் காட்டி, அசைபோடாதபடி வாயைக் கட்டினார்கள். வழியில் சிலவற்றை அறுத்து வயிற்றிலிருந்த நீரைக் குதிரைகளுக்குக் கொடுத்தார்கள் என்று அரபு வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. எந்தப் பாதை என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு.

யர்மூக்கில் இரண்டு லட்சம் ரோமானியர் இருந்தார்கள் என்பது உண்மையா?

நம்ப வேண்டாம். அவ்வளவு பேருக்கும் அவர்களின் விலங்குகளுக்கும் அந்தப் பள்ளத்தாக்குகளில் தீனியும் தண்ணீரும் கொடுக்கவே முடியாது. அரபு நூல்களில் மிக விரிவானவையான பலாதுரி (இறப்பு சுமார் 892), தபரி (இறப்பு 923) ஆகியோரின் தொகுப்புகள் நிகழ்ச்சிக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டவை. வாய்வழி வந்த செய்திகளில் எதிரியின் எண்ணிக்கை ஊதுவது எங்கும் உள்ள வழக்கம். இரு பக்கமும் சில பத்தாயிரம் பேர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கணிப்பு.

636 ஆகஸ்டில் சிரியாவின் தெற்கே யர்மூக் ஆற்றருகே நடந்த அந்தப் போர் முடிந்த விதம் எண்ணிக்கையைவிட முக்கியமானது. பைசாந்தியப் படையில் கிரேக்கர், ஆர்மேனியர், பைசாந்தியத்துக்கு நட்பான கஸ்ஸானி அரபுகள் என்று பல கூட்டம், தளபதிகளுக்குள் ஒற்றுமையில்லை. பின்னால் செங்குத்தான ஓடைப் பள்ளங்கள். வெளியேறும் பாலத்தை அரபுக் குதிரைப்படை பிடித்ததும் தோல்வி பேரழிவாக மாறியது. ஹெராக்ளியஸ் சிரியாவைக் கைவிட்டு வடக்கே போனார்.

ஓர் ஊர் சரணடைந்தால் என்ன நடக்கும்?

பேரம் நடக்கும். உயிர், சொத்து, கோயில், நகர்மதில் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு. பதிலுக்கு ஆண்டுதோறும் வரி, எதிரிக்கு உதவாமை, வழிப்போக்கரான முஸ்லிம்களுக்கு உணவு. சண்டையிட்டு விழுந்த ஊருக்கு இந்த உறுதி கிடையாது. அங்கே கொள்ளையும் அடிமைப்படுத்தலும் நடந்தன, அதை மறைக்கத் தேவையில்லை. அதனால்தான் பல ஊர்கள் வாசலைத் திறந்தன. ஜெருசலேமை அதன் பேராயர் ஸொஃப்ரோனியஸ் 637–638 வாக்கில் ஒப்படைத்தார்.

நல்ல மாதிரி ஸ்பெயினில் இருக்கிறது. 713 ஏப்ரலில் தியோதெமிர் என்ற விசிகோத் (அதுவரை ஸ்பெயினை ஆண்ட இனத்துப்) பிரபு செய்துகொண்ட உடன்படிக்கையின் வாசகம் கிடைத்திருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு தீனார் (தங்கக் காசு), 4 அளவை கோதுமை, 4 அளவை பார்லி, காய்ச்சிய திராட்சைச் சாறு 4 படி, வினிகர் 4 படி, தேன் 2 படி, எண்ணெய் 2 படி. அடிமைக்கு இதில் பாதி. தேவாலயம் எரிக்கப்படாது, யாரும் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்பட மாட்டார். அவர் தம் ஏழு ஊர்களில் தொடர்ந்து ஆண்டார்.

எகிப்திலிருந்து இன்னும் பழைய சான்று உண்டு. 643 ஏப்ரல் தேதியிட்ட ஒரு பப்பைரஸ் ரசீது, கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டது. இஹ்னாஸ் பகுதி அதிகாரிகளிடமிருந்து படைக்காக 65 ஆடுகள் பெற்றுக்கொண்டோம் என்கிறது. படையெடுத்து வந்தவர்கள் ஆட்டுக்கு ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய போர் வருணனை நூறைவிட இந்தத் துண்டுத்தாள் அந்த ஆட்சியைப் பற்றி அதிகம் சொல்கிறது.

வாளைக் காட்டி மதம் மாற்றினார்களா?

அரேபியாவுக்கு வெளியே வென்ற நாடுகளில் அது ஆட்சியின் கொள்கையாக இருக்கவில்லை. நிலம் வெல்வது வேறு, மக்கள் மதம் மாறுவது வேறு. முதலாவது பல நாடுகளில் பத்து இருபது ஆண்டுகளில் முடிந்தது. இரண்டாவதற்கு நூற்றாண்டுகள் ஆயின. ஈரானில் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆனது 9, 10ஆம் நூற்றாண்டுகளில்தான், எகிப்தில் இன்னும் பிந்தி.

முஸ்லிம் அல்லாத ஆண்கள் ஜிஸ்யா என்ற தலைவரி கட்டினார்கள். இராக்கில் வசதிக்கேற்ப ஆண்டுக்கு 48, 24, 12 திர்ஹம் (வெள்ளிக் காசு). எகிப்தில் பொதுவாக 2 தீனார். பெண்கள், குழந்தைகள், முதியோர், ஏழைகள் விலக்கு. நிலத்துக்குத் தனியே கராஜ் என்ற வரி. எல்லோரும் மதம் மாறினால் வருமானம் குறையும். அதனால் சில ஆளுநர்கள் மதமாற்றத்தை விரும்பவேயில்லை. இராக்கை 694 முதல் 714 வரை ஆண்ட ஹஜ்ஜாஜ், முஸ்லிமாகி நகரத்துக்கு வந்த உழவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பி வரியைத் தொடர்ந்து வாங்கினார். இரண்டாம் உமர் (717–720) அந்த வழக்கத்தைத் தடுத்தார். அவருக்குப் பின் அது பல இடங்களில் மீண்டும் தலைதூக்கியது.

சிப்பாய்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்களா, சம்பளம் கொடுத்தார்களா?

முழுக் கதையின் அச்சாணி இதுதான். இராக்கின் வளமான சவாத் நிலம் கைக்கு வந்ததும், வென்றவர்களுக்குப் பங்கு போட வேண்டும் என்று பலர் கேட்டார்கள். உமர் மறுத்தார். நிலம் உழுபவரிடமே இருக்கட்டும், வரி பொதுக் கருவூலத்துக்கு வரட்டும், அதிலிருந்து வீரர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுக்கலாம் என்றார். பிரித்திருந்தால் படை ஒரே தலைமுறையில் சிதறிய நிலக்கிழார்களாகி இருக்கும். பின்வரும் தலைமுறைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சுமார் 641இல் இதற்காகப் பெயர்ப்பதிவேடு தொடங்கியது. அதன் பெயர் திவான். (திருவிதாங்கூர் திவான், புதுக்கோட்டை திவான் என்று நாம் கேட்ட சொல் இதன் வழி வந்ததுதான்.) குலம் குலமாகப் பெயர் எழுதினார்கள். தொகை, இஸ்லாத்தில் சேர்ந்த காலத்தைப் பொறுத்தது. தபரி தரும் ஒரு பட்டியல்படி நபிகள் காலத்து முதல் பெரும்போரான பத்ரு போரில் நின்றவருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம், ஹுதைபியா உடன்படிக்கை (628) வரை சேர்ந்தவருக்கு 4,000, ரித்தா போர் முடிவு வரை 3,000, காதிஸிய்யாவிலும் (இராக்கில் பாரசீகரை வென்ற போர்) யர்மூக்கிலும் போரிட்டவருக்கு 2,000, பிறகு வந்தவருக்கு 1,000, அதற்கும் பிறகு 500, 300, 200 என்று இறங்கும். நபிகளின் துணைவியார் ஆயிஷாவுக்கு 12,000. இராக்கின் படைநகரமான கூஃபாவில் 'அரீஃப்' என்ற பொறுப்பாளர்கள் தங்கள் குழுவுக்குரிய தொகையை வாங்கி ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

எங்கே தவறியது? மூன்று இடத்தில். முன்னால் வந்தவருக்கு அதிகம் என்ற விதி பின்னால் வந்து உழைத்தவர்களை நிரந்தரமாகக் கீழே வைத்தது. போர் எல்லை தூரம் போகப் போக புதிய கொள்ளைப்பொருள் குறைந்து, உதவித்தொகை மட்டுமே வாழ்வாதாரம் ஆனது. மாகாணத்தின் உபரி வரி அங்கேயே நிற்க வேண்டுமா, மதீனாவுக்குப் போக வேண்டுமா என்பதும் தீராத வழக்கானது. உஸ்மான் காலத்தில் அவருடைய உறவினர்கள் ஆளுநர்களாக இருந்தது இந்தப் புண்ணில் உப்பு வைத்தது. 656 ஜூனில் மதீனாவில் அவருடைய வீட்டை முற்றுகையிட்டவர்கள் எகிப்து, கூஃபா, பஸ்ரா படைநகரங்களிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படைநகரம் என்றால் என்ன? டமாஸ்கஸ் போன்ற பழைய ஊரிலேயே இருந்திருக்கலாமே?

சிரியாவில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தார்கள். இராக்கிலும் எகிப்திலும் புதிதாகக் கட்டினார்கள். பஸ்ரா, கூஃபா (சுமார் 638), ஃபுஸ்தாத் (பிறகு கெய்ரோவின் பகுதி), 670இல் துனீசியாவில் கைரவான். எனக்கும் படைக்கும் இடையே ஆறு குறுக்கிடக் கூடாது என்பது உமரின் நிபந்தனை. அதனால் ஊர்கள் பாலைவனக் கரையில் அமைந்தன. அலெக்ஸாந்திரியா கைவிடப்பட்டு ஃபுஸ்தாத் தலைமையிடம் ஆனதற்கும் அதுவே காரணம். வரி வாங்கும் இடமும் படை தங்கும் இடமும் ஒன்றாகிவிட்டால் திவானையும் எளிதாக நடத்தலாம்.

கூஃபாவின் அளவுகள் பதிவாகியுள்ளன. நடுவில் பள்ளிவாசல், பெருவீதி 40 முழம், அடுத்தவை 30, 20 முழம், சந்து 7 முழம். முதலில் நாணல் குடிசைகள். தீப்பற்றியதும் செங்கல்லுக்கு அனுமதி வந்தது, ஒரு வீட்டுக்கு மூன்று அறைக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு.

பாரசீகம் முழுவதும் விழுந்தது, பைசாந்தியம் ஏன் தப்பியது?

தலைநகர் இருந்த இடம். பாரசீகத் தலைநகர் மதாயின் இன்றைய பாக்தாத் அருகே, பாலைவனத்திலிருந்து எட்டும் தூரத்தில் இருந்தது. காதிஸிய்யாவில் (636 வாக்கில்) தளபதி ருஸ்தம் விழுந்ததும் 637இல் அது போயிற்று. பேரரசின் மிக வளமான வரிநிலமும் அதோடு போயிற்று. 642இல் நஹாவந்த் போருக்குப் பின் ஒருங்கிணைந்த எதிர்ப்பு இல்லை. 651இல் மெர்வ் அருகே யஸ்தகிர்து கொல்லப்பட்டார்.

கான்ஸ்டான்டிநோபிளுக்கு முன்னால் டாரஸ் மலை, மூன்று பக்கம் கடல், நிலப்பக்கம் மூன்றடுக்கு மதில். முஆவியா சிரியாவில் கடற்படை கட்டி 649இல் சைப்ரஸுக்குப் போனார், 655இல் லிசியா (இன்றைய துருக்கியின் தென்கரை) ஓரம் பைசாந்தியக் கப்பற்படையை முறியடித்தார். ஆனாலும் 717 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த பெரும் முற்றுகை தோற்றது. கிரேக்க நெருப்பு என்ற, தண்ணீர்மேலும் எரியும் கலவை கப்பல்களை எரித்தது. கடும் குளிரில் விலங்குகளும் ஆட்களும் மடிந்தனர். எகிப்திலிருந்து வந்த கப்பல்களின் கிறிஸ்தவ மாலுமிகள் பலர் எதிர்ப்பக்கம் சேர்ந்தனர். பின்னாலிருந்து பைசாந்தியத்தின் வடக்கு அண்டை மக்களான பல்கர்கள் தாக்கினார்கள்.

அரபு நாணயமும் அரபு ஆட்சிமொழியும் எப்போது?

ஆச்சரியமாக, அறுபது ஆண்டு கழித்து. அதுவரை டமாஸ்கஸில் கணக்கு கிரேக்கத்தில், இராக்கில் பாரசீக மொழியில். டமாஸ்கஸ் நிதித்துறையை சர்ஜூன் பின் மன்சூர் என்ற கிறிஸ்தவர் நடத்தினார். இராக்கின் வெள்ளிக்காசில் குஸ்ரோவின் தலையும் மறுபக்கம் நெருப்புப் பீடமும் அப்படியே இருக்க, ஓரத்தில் 'பிஸ்மில்லாஹ்' மட்டும் சேர்த்து அடித்தார்கள். அப்துல் மலிக் (685–705) உள்நாட்டுப் போரில் வென்ற பிறகு 696–697இல் உருவமற்ற, முழுதும் எழுத்தாலான தங்க தீனார் வெளியிட்டார். எடை 4.25 கிராம். வெள்ளி திர்ஹம் சற்றுப் பின்னே, 2.9 கிராம் அளவில். ஏழு தீனார் எடை பத்து திர்ஹம் எடைக்குச் சமம் என்பது கணக்கு. ஆவணங்களும் படிப்படியாக அரபிக்கு மாறின.

சிந்துப் படையெடுப்புக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு?

பலாதுரி தரும் செய்தி இது. 'மாணிக்கத் தீவின்' அரசர், தம் நாட்டில் இறந்துபோன அரபு வணிகர்களின் மகள்களைக் கப்பலேற்றி ஹஜ்ஜாஜுக்கு அனுப்பினார். சிந்துவின் தேபல் துறைமுகத்தருகே கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்தனர். கொள்ளையர் தம் கட்டுப்பாட்டில் இல்லை என்றார் சிந்து மன்னர் தாஹிர். முன்பு அனுப்பிய படைகள் தோற்ற பின் ஹஜ்ஜாஜின் தளபதி முஹம்மது பின் காசிம் 711–712இல் வந்தார். 'மணப்பெண்' என்று பெயரிட்ட, 500 பேர் இழுக்கும் கல்லெறிபொறி தேபலை உடைத்தது. தாஹிரின் தலைநகர் அரோர் சரணடைந்தபோது அங்கிருந்த கோயில்களைக் கிறிஸ்தவ, யூத, பார்சிக் கோயில்களைப் போலவே நடத்தினார்.

அந்தத் தீவு இலங்கை என்பதே பொதுவான முடிவு. கப்பல் ஒரு சாக்காகவும் இருந்திருக்கலாம், சிந்துவுக்கு மேற்கே மக்ரான் எல்லையில் அரபுப் படை அதற்கு முன்பே இருந்தது. ஆனால் இலங்கைக் கடற்கரையில் அரபு வணிகக் குடும்பங்கள் அப்போதே வாழ்ந்ததை இச்செய்தி காட்டுகிறது. தமிழகத்துக்கோ இலங்கைக்கோ எந்தக் கலீஃபாவின் படையும் வந்ததில்லை. இங்கே இஸ்லாம் வந்தது கப்பல் வணிகத்தோடு.

உமய்யாக்கள் ஏன் வீழ்ந்தார்கள்?

680இல் கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டதிலிருந்தே அவர்களின் உரிமை பலர் மனத்தில் அழிந்துவிட்டது. அதன்மேல் வரிக்குறை சேர்ந்தது. முஸ்லிமான பாரசீகர் (மவாலி) போரிட்டும் சம ஊதியமின்றி, பல இடங்களில் ஜிஸ்யாவும் கட்டினார்கள். ஈரானின் வடகிழக்கே இருந்த குராசானின் கடைசி உமய்யா ஆளுநர் நஸ்ர் பின் சய்யார் கணக்கைச் சரிபார்த்தபோது 30,000 முஸ்லிம்கள் தலைவரி கட்டுவதும் 80,000 முஸ்லிம் அல்லாதோர் கட்டாமல் விடப்பட்டிருப்பதும் தெரியவந்ததாகத் தபரி எழுதுகிறார். திருத்தம் காலம் கடந்து வந்தது. 747இல் அங்கேதான் அபூ முஸ்லிம் அப்பாசியருக்காக (நபிகளின் சிறிய தந்தை அப்பாஸின் வழியினர்) கிளர்ச்சியின் கறுப்புக்கொடி ஏற்றினார். 750 ஜனவரியில் இராக்கின் ஸாப் ஆற்றங்கரையில் கடைசி உமய்யா கலீஃபா இரண்டாம் மர்வான் தோற்றார், அப்பாசியர் வந்தார்கள்.

ஹிஜ்ரி ஆண்டைக் கி.பி.க்கு எப்படி மாற்றுவது?

622ஐக் கூட்டினால் தவறும். ஹிஜ்ரி (இஸ்லாமிய சந்திர) ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான், ஆகவே ஒவ்வோர் ஆண்டும் 11 நாள் போல முந்தும். முதல் ஆண்டு தொடங்கியது 622 ஜூலையில். ஹிஜ்ரி எண்ணில் ஒன்றைக் கழித்து, 0.97ஆல் பெருக்கி, 622.54ஐக் கூட்டுங்கள். வருவது அந்த ஆண்டின் தொடக்கம். கர்பலா ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10. 60 × 0.97 = 58.2, கூட்டினால் 680.74, அதாவது 680 செப்டம்பர் கடைசி. உண்மையான தொடக்கம் அக்டோபர் 1, கர்பலா அக்டோபர் 10. ஸாப் போர் ஹிஜ்ரி 132இல் நடந்தது. நேரே 622 கூட்டினால் 754 என்று வரும், நான்கு ஆண்டு பிழை. சூத்திரம் 749.61 தருகிறது. ஆண்டு 749 ஆகஸ்டில் தொடங்கியது, போர் அதன் ஆறாம் மாதமான ஜுமாதல் ஆகிராவில். எனவே 750 ஜனவரி.